தாழ்வு மனப்பான்மைக்கு ஆன்லைன் சிபிடி உதவுமா? மண்டபம் பக்கத்துத் தங்கச்சிக்கு ஒரு விரிவான பதில்

மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 23. அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர், அப்பாவுக்கு நாட்டுப்படகு. இவர் இன்ஜினியரிங் முடித்திருக்கிறார். பள்ளியில் ஒரு டீச்சர் எல்லார் முன்னாலும் "பாசி எடுக்கப் போற பிள்ளைக்கு எதுக்கு இங்கிலீஷ்?" என்று கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறதாம். கல்லூரிக் கடைசி வருடத்தில் ஒரு வேலைப் பேட்டியில் வாயடைத்துப்போய்ப் பாதியில் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கும் விண்ணப்பிக்கவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. போன் வந்தால்கூடத் தம்பியைத்தான் பேசச் சொல்கிறார். "நான் எதற்கும் லாயக்கில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறார். ஆன்லைனில் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் சரிபார்த்து மாற்றப் பழக்கும் மனநலச் சிகிச்சை, அதில் ஒரு கோர்ஸ் கண்ணில் பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, காசும் கட்ட வேண்டும். இது நிஜமாகவே பலன் தருமா, ஆளை நேரில் பார்க்காமல் இதெல்லாம் சரியாகுமா, ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எப்படிச் செய்வது, ஊரில் தெரிந்தால் "ஏர்வாடி கேஸ்", அதாவது மனநலம் கெட்டவள், என்று சொல்வார்களே என்பவைதான் கேள்விகள்.

தங்கச்சி, பலன் தரும். தாழ்வு மனப்பான்மைக்குச் சிபிடி நன்றாக ஒத்துவருகிற சிகிச்சை. இணையம் வழியாகவும் அதைச் செய்ய முடியும். ஆனால் பாடத்தைப் படிப்பதால் மட்டும் யாருக்கும் சரியாவதில்லை. படித்ததை வைத்துக் கடைத்தெருவில், குழுக் கூட்டத்தில், போன் பேச்சில் சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் மாறுகிறது. இந்த மாவட்டத்துக் கடலோர ஊர்களில் மனநல ஆலோசனை வேலையில் இருப்பவன் நான். கோர்ஸை முழுவதும் பார்த்து முடித்தும் அப்படியே இருப்பவர்களைத் தெரியும். பாதிப் பாடத்திலேயே நன்றாகத் தேறி எழுந்தவர்களையும் தெரியும். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம், வீட்டை விட்டு வெளியே வந்து என்ன செய்தார்கள் என்பதில்தான் இருந்தது.

ஏன் அப்படி என்று புரிய, இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அடித்தளம் போட்டவர் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர். மனச்சோர்வில் இருப்பவர்கள் தங்களைப் பற்றி ஒரே மாதிரியான கடுமையான எண்ணங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அதைத் தாழ்வு மனப்பான்மைக்கென்று விரித்து 1997இல் தெளிவான ஒரு வரைபடமாகக் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய உளவியலாளர் மெலனி ஃபென்னல். இன்று கிடைக்கும் தன்மதிப்புப் பாடங்கள் பலவும் அந்த வழியில்தான் போகின்றன.

அந்த வரைபடத்தில் உங்கள் கதையை வைத்துப் பார்ப்போம். சின்ன வயதில் பட்ட சொற்களிலிருந்து மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: "நான் லாயக்கில்லாதவள்." இந்த முடிவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே யாராலும் நாளை ஓட்ட முடியாது. அதனால் மனம் அதற்கு மேலே சில சட்டங்களைப் போட்டுக்கொள்கிறது. "தப்பில்லாமல் பேச முடிந்தால் மட்டும் பேசு." "வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது." சட்டப்படி நடக்கிற வரை வண்டி ஓடும். கல்லூரியில் நான்கு வருடம் ஓடியிருக்கிறதே! பேட்டி அறையில்தான் சட்டம் உடைந்தது. அங்கே பேசியே ஆக வேண்டும், பேசினால் தப்பும் வரும். "சிரிக்கப்போகிறார்கள்" என்று மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டது. நெஞ்சு படபடத்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது, எழுந்து வந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து "டீச்சர் சொன்னது சரியாத்தான் போச்சு" என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டீர்கள். பழைய முடிவு இன்னும் கெட்டிப்பட்டது. அடுத்த விண்ணப்பம் போடக் கை வரவில்லை.

இந்த வட்டத்தில் டீச்சர் இப்போது எங்கேயும் இல்லை. ஆரம்பித்துவைத்தது அவர் வாய்ச்சொல். இன்று அதற்குத் தினமும் தீனி போடுவது நீங்கள் பழகிவிட்ட தற்காப்புகள். போனைத் தம்பி கையில் கொடுப்பது. விசேஷ வீட்டுக்குப் போனாலும் அடுப்படியிலேயே இருந்துவிடுவது. யாராவது வந்தால் போன் திரையைப் பார்ப்பது. சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை மனதுக்குள் ஓட்டிவிட்டு, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுவது. இவை தருகிற நிம்மதி நிஜமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தம்பி பேசிவிட்டால், நீங்கள் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது கடைசி வரை உங்களுக்குத் தெரியப்போவதில்லை. காரியம் நல்லபடியாக முடிந்தாலும் "தம்பி இருந்தான், தப்பிச்சேன்" என்றுதான் கணக்கில் ஏறும். உங்கள் பெயரில் ஒரு வரவும் வராது.

"நல்லாத்தானே படிச்சிருக்கே, உனக்கென்ன குறை?" என்று அம்மா சொன்னால் அது ஏன் உள்ளே இறங்குவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். வலைக்கண் எந்த அளவோ அந்த அளவு மீன்தான் வலையில் நிற்கும், மற்றதெல்லாம் வழுகிப் போய்விடும். அது மாதிரி, மனமும் தன் பழைய முடிவுக்குப் பொருந்துகிற சம்பவங்களை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. பாராட்டு நிற்காது, ஒரு ஏளனப் பார்வை நிற்கும். கண்ணாடி முன்னால் நின்று "நான் திறமைசாலி, நான் அழகி" என்று சொல்லச் சொல்லும் வீடியோக்களை அதனால்தான் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. தன்மதிப்பு குறைவாக உள்ளவர்கள் அப்படிப்பட்ட வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாகத்தான் உணர்ந்தார்கள். உள்ளே இருக்கும் குரல் ஒவ்வொரு தடவையும் "பொய்" என்று பதில் சொல்கிறது, அவ்வளவுதான். சிபிடி உங்களை நல்லதாக நினைக்கச் சொல்வதில்லை. நினைப்பதைச் சரிபார்க்கச் சொல்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரைகுறையாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்துப் பிள்ளைகளை இதில் காயப்படுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு நடந்த அவமானம் கற்பனை இல்லை. சாதி, நிறம், அம்மாவின் தொழில், பேச்சில் இருக்கும் கடற்கரை வாடை என்று ஒவ்வொன்றையும் சொல்லிக் காட்டுகிற உலகம் நிஜமாகவே இருக்கிறது. "அது உங்கள் தவறான எண்ணம், மாற்றிக்கொள்ளுங்கள்" என்று எந்த ஆலோசகராவது சொன்னால் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். நடந்தது அநியாயம் என்பதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. "அதனால் நான் லாயக்கில்லாதவள்" என்று அதிலிருந்து எடுத்த முடிவு இருக்கிறதே, அதைத்தான் சோதிக்கிறோம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் கடலுக்கடியில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்து வந்து உங்களை இன்ஜினியர் ஆக்கிய பெண்ணின் தொழிலை ஒருவர் கேவலமாகப் பேசினால், அது அவருடைய அறியாமைக்குச் சாட்சி. உங்கள் தகுதியைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

சரி, ஆன்லைனுக்கு வருவோம். அந்தப் பெயரில் மூன்று விதமான சரக்கு கிடைக்கிறது, மூன்றும் ஒன்றில்லை. முதலாவது, ஆள் துணை இல்லாமல் நீங்களே செய்துகொள்ளும் பாடம் அல்லது செயலி. இரண்டாவது, அதே பாடம்தான், ஆனால் வாரத்துக்கு ஒரு முறை ஒரு ஆலோசகர் உங்கள் பயிற்சித் தாளைப் படித்துவிட்டு மெசேஜிலோ போனிலோ பதில் தருவார். மூன்றாவது, வீடியோ காலில் வழக்கமான சிகிச்சை. சுவீடன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருபது வருடங்களுக்கு மேலாக இவற்றை ஆராய்ந்துவருகிறார்கள். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில், ஆள் துணையோடு செய்யும் இணையச் சிபிடி நேரில் செய்வதற்குக் கிட்டத்தட்ட ஈடாக நிற்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாழ்வு மனப்பான்மைக்கென்று தனியாக நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் அவையும் நம்பிக்கை தருகின்றன. துணையில்லாமல் தனியாகச் செய்கிறவர்களில் பாதியில் விடுகிறவர்கள் அதிகம், பலனும் குறைவு.

என் யோசனை இரண்டாவது வகைதான். அதில் ஆலோசகர் ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் வாரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போலத்தான் இருக்கும். அவ்வளவு சின்னத் துணையே பெரிய வித்தியாசம் செய்கிறது. காரணம் எளிது: ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நம் தாளைப் பார்ப்பார் என்று தெரிந்தால் சனிக்கிழமைக்குள் சோதனையைச் செய்துவிடுவோம். இன்னொரு வசதியும் இருக்கிறது. மெசேஜ் வழியாக நடப்பதால் இருவரும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கத் தேவையில்லை. காற்று எழும்பி சிக்னல் போகிற நாளிலும், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் இது தடைப்படாது. ஒரே அறை வீட்டில் வீடியோ கால் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

நீங்கள் பார்த்த கோர்ஸ் துணையில்லாத முதல் வகையாக இருந்தால் அதற்குக் காசு கட்ட வேண்டாம் என்பேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள சென்டர் ஃபார் கிளினிகல் இன்டர்வென்ஷன்ஸ் என்ற அரசு மையம், தன்மதிப்புக்கான பயிற்சித் தாள்களை 9 பகுதிகளாக இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம், இன்ஜினியரிங் புத்தகம் படித்தவருக்குச் சிரமம் இருக்காது. அதைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் காசில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது தமிழில் பேசுகிற ஒரு உளவியலாளரிடம் போனில் தாளைக் காட்டிப் பேசுங்கள். இரண்டும் சேர்ந்தால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோட்டில் எழுதுவது உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். "நான் தகுதியற்றவளாக உணர்கிறேன்" என்று எழுதினால் அது யாரோ ஒருவருடைய வாக்கியம். "இவளுக்கெல்லாம் என்ன தெரியும்னு நெனப்பாக" என்று மனதில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள். எந்தச் சொல்லில் குத்துகிறதோ அந்தச் சொல்லில்தான் அதைப் பிடிக்க முடியும்.

இனி சோதனை. சிகிச்சையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் ஒரு தாளை முழுசாகக் காட்டுகிறேன். பலருடைய தாள்களைப் படித்த பழக்கத்தில், உங்கள் நிலைமைக்கு ஏற்ற மாதிரி எழுதியது.

இடம், அம்மாவின் மகளிர் குழுக் கூட்டம். செய்யப்போவது, போன மாதத் தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்து சத்தமாக வாசிப்பது. என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்: குரல் நடுங்கும், மூன்று பேராவது சிரிப்பார்கள், ஊக்குநர் அக்கா பதிவேட்டை வாங்கி வேறு ஆள் கையில் கொடுத்துவிடுவார். எவ்வளவு நம்புகிறேன்: 85 சதவீதம். விட்டுவிடப்போகும் தற்காப்பு: முந்தின ராத்திரி மனப்பாடம் செய்வது, துப்பட்டாவை வாய்க்குக் குறுக்கே பிடிப்பது, மூச்சு விடாமல் வாசித்து முடிப்பது. இவ்வளவும் போவதற்கு முன்னால் எழுத வேண்டியவை.

வந்த பிறகு எழுதுவது: குரல் நடுங்கியது. ஒருத்தர் சிரித்தார், என்னைப் பார்த்தா, மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தா என்று தெரியவில்லை. ஒரு பெரியம்மா "மெதுவா வாசி தாயி, காதுல விழல" என்றார், மெதுவாக வாசித்தேன். பதிவேட்டை யாரும் வாங்கவில்லை. முடிந்த பிறகு இரண்டு பேர் கடன் மனுவை எழுதித்தரச் சொல்லிக் கேட்டார்கள். இப்போது எவ்வளவு நம்புகிறேன்: 40. தெரிந்துகொண்டது: நடுங்கினாலும் வாசிக்க முடிகிறது.

இந்தத் தாளில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஊகத்தை எழுதியிருப்பது. "எல்லாரும் கேவலமாக நினைப்பார்கள்" என்று எழுதினால் அதைச் சரிபார்க்க வழியே இல்லை, யார் மனதுக்குள்ளும் நாம் புக முடியாது. "மூன்று பேர் சிரிப்பார்கள்" என்றால் எண்ணிவிடலாம். இரண்டாவது, தற்காப்பை விட்டுவிட்டுச் செய்திருப்பது. மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தால் "மனப்பாடம் செய்ததால் தப்பிச்சேன்" என்று முடிந்திருக்கும். ஆரம்பத்தில் எல்லாத் தற்காப்பையும் ஒரே நாளில் விட முடியாது. ஒன்றை விடுங்கள், அடுத்த முறை இன்னொன்று.

மூன்று பேர் நிஜமாகவே சிரித்துவிட்டால்? அதுவும் நடக்கலாம், நடக்காது என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். அப்போது தாளில் அடுத்த கேள்வி வருகிறது: சிரித்த பிறகு என்ன ஆனது? வாசிப்பை நிறுத்தினார்களா? மறுநாள் குழாயடியில் பேசாமல் போனார்களா? பயந்தது நடந்துவிட்ட பிறகும் நாம் சமாளித்தோம் என்று பார்ப்பது சில சமயம் நல்ல முடிவைவிட அதிகம் உதவும். கொஞ்சம் தேறிய பிறகு வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்து பார்க்கச் சொல்வதும் உண்டு: போனில் ஒரு ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரிப்பது, மளிகைக் கடையில் ஒரு பொருளைக் கேட்டு வாங்கி உடனே மாற்றித்தரச் சொல்வது. "தப்பே வரக்கூடாது" என்ற சட்டம் அப்படித்தான் தளரும்.

உங்கள் முதல் சோதனை குழுக் கூட்டமாக இருக்க வேண்டியதில்லை. அதைவிடச் சின்னதாக, அடுத்து வரும் ஒரு போனை நீங்களே எடுப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரின் போன் போதும்.

இதோடு சேர்த்து மற்ற பயிற்சிகளும் வரும், அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன்னைத் திட்டும் குரலைப் பிடித்து எழுதி, அதே தவறைச் சித்தி மகள் செய்திருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள் என்று பக்கத்தில் எழுதுவது. அன்றன்று நீங்கள் செய்த, வலையில் நிற்காமல் போகக்கூடிய நல்ல காரியம் இரண்டு மூன்றைத் தேதி போட்டுக் குறித்துவைப்பது. பெரிய சாதனை வேண்டாம், அப்பாவின் வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் அதில் சேரும். அப்புறம், பழைய சட்டத்தை எடுத்து அது உங்களுக்கு என்ன கொடுத்தது, என்ன பறித்தது என்று பார்த்து, வாழ முடிகிற மாதிரி திருத்தி எழுதுவது. "நன்றாகப் பேச ஆசை. தப்பு வந்தால் திருத்திக்கொண்டு தொடர்வேன்" என்பது மாதிரி. "நான் லாயக்கில்லாதவள்" என்ற அடிமட்ட முடிவைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அது சில பாடங்களில் முதல் வாரமே வந்துவிடுகிறது, அப்படி இருந்தால் அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

முன்னேற்றத்தை அளக்க அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் கொடுத்த பத்து வாக்கிய அளவுகோலையே இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 30 வரை மதிப்பெண். தொடங்கும்போது ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை போட்டால் போதும். தினமும் போட்டுப் பார்த்தால் அதுவே இன்னொரு பரீட்சையாகிவிடும்.

ஏர்வாடி விஷயத்துக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்ததில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். மனநலம் என்றாலே நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ஊர் பெயர் வாயில் வருவது அதற்கு முன்பும் இருந்தது, அதற்குப் பிறகும் இருக்கிறது. அந்த ஊருக்கு வந்தவர்கள் நோயால் துன்பப்பட்ட மனிதர்கள். அவர்கள் பெயரைக் கேலிப் பொருளாக்குவது எனக்குத் தாங்காது. உங்கள் பயம் புரிகிறது, ஆனால் நீங்கள் செய்யப்போவது நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்யும் ஒரு பயிற்சி. ஊருக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வீட்டில் கேட்டால் "பேட்டிக்குத் தயாராகிறேன்" என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. ஒருவரிடம் மட்டுமாவது, தம்பியிடமோ அம்மாவிடமோ, சொல்லிவைக்க முடிந்தால் நல்லது. "இனிமேல் போனை நான் எடுக்கிறேன், நீ வாங்காதே" என்று தம்பியிடம் சொல்வதற்கே அது தேவைப்படும்.

போனை வீட்டில் எல்லாரும் எடுப்பார்கள் என்றால், தாளைப் போனில் வைக்காமல் பழைய கல்லூரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஆலோசகருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அழித்துவிடலாம். பேச வேண்டிய நாளில், அம்மா பாசிக்கும் அப்பா கடலுக்கும் போன பிறகு வரும் காலை நேரம் கிடைக்கும். விசைப்படகுக் குடும்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் எல்லாரும் வீட்டோடு இருப்பார்கள், கையில் காசும் இருக்காது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இதைப் படித்தால், பேச்சு வகைச் சிகிச்சையை அந்த இரண்டு மாதத்தை விட்டுத் திட்டமிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து நிறுத்திப் படியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால், அது தாழ்வு மனப்பான்மையோடு மனச்சோர்வும் சேர்ந்தது. தனியாகக் கோர்ஸ் செய்வது அப்போது போதாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள், மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்து போனாலும், வீட்டில் அடி உதை நடந்தாலும், இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த எண்ணில் வாராவாரம் சிபிடி நடத்த மாட்டார்கள். அந்த நேரத்துக்கான ஆறுதலும், அடுத்து யாரைப் பார்ப்பது என்ற வழியும் கிடைக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்சிஐயில், பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையானவர் கோபப்பட மாட்டார். "சிபிடியில் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, வீட்டுப் பயிற்சி தருவீர்களா, எத்தனை வாரத்தில் ஆய்வு செய்து தொடர்வதா நிறுத்துவதா என்று பேசுவோம்?" என்ற மூன்று கேள்வி போதும். முதல் நாளே ஆறு மாதப் பேக்கேஜ் விற்கிறவரிடமும், "ஒரே அமர்வில் மாற்றிக்காட்டுகிறேன்" என்கிற பயிற்சியாளரிடமும் போக வேண்டாம். நாம் எழுதினால் பதில் பேசும் செயலிகளை நோட்டு மாதிரி பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் நீங்கள் குழுக் கூட்டத்துக்குப் போனீர்களா இல்லையா என்று அக்கறையோடு கேட்கிற ஒரு மனிதருக்கு அவை ஈடாகாது.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் நேர்மையாகச் செய்தால் மாற்றம் தெரியும் என்பேன். முதலில் மாறுவது உணர்வு இல்லை, நடத்தை. போனை எடுக்கிறீர்கள், ஆனால் உள்ளே இன்னும் பயம்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் "இது எனக்கு வேலை செய்யவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உணர்வு பின்னாலேயே வரும், கொஞ்சம் தாமதமாக. ஆறாவது வாரத்திலும் தாளில் இருக்கும் சதவீதம் அசையவில்லை என்றால் அப்போது ஆலோசகரிடம் சொல்லி வழியை மாற்றுங்கள். எங்கேயோ ஒரு தற்காப்பு ஒளிந்துகொண்டிருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

வேலைப் பேட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எட்டு வாரத்துக்குள் ஒரு விண்ணப்பமாவது போட்டுவிடுங்கள். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ, கிடைத்தே ஆக வேண்டும் என்று இல்லாத ஒரு வேலைக்கு முதலில் போங்கள். போவதற்கு முந்தின நாள் தாளில் மேல் பாதியை நிரப்புங்கள். "தேர்வாக மாட்டேன்" என்று ஊகம் எழுதாதீர்கள், பத்துப் பேர் போனால் ஒன்பது பேர் தேர்வாக மாட்டார்கள், அதில் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. "இரண்டாவது கேள்வியிலேயே வாயடைத்து எழுந்து வந்துவிடுவேன்" என்று எழுதுங்கள். உள்ளே வார்த்தை தடுமாறினால் "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருங்கள். திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே கீழ்ப் பாதியை எழுதி ஆலோசகருக்கு அனுப்புங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் அந்தப் பழைய குரல் உங்களுக்கு முன்னால் எழுதிவிடும்.